மாமியாரின் பெயர்

நேப்பிள்ஸில் சானிதா பேட்டைக்குள் எர்மீனியாவுக்கு வீடும் கடையும் ஒன்றுதான். ஒரே அறை. உள்ளே கட்டில், வாசலில் அடுப்பு, அதன்மேல் எண்ணெய்ச் சட்டி. மாவைத் தட்டி, உள்ளே கொஞ்சம் பால்கட்டியும் வறுத்த பன்றிக்கொழுப்பும் வைத்து ஓரத்தை அழுத்தி மூடிப் போட்டால், பீட்சா உப்பிக்கொண்டு மேலே வரும். தெருவே அந்த வாசனைக்குத்தான் கண் விழிக்கும்.

அந்தத் தெருவில் மாவு பிசைவது புருஷன், பொரிப்பது பெண்டாட்டி. கயெத்தானோ பிசைந்தான், எர்மீனியா பொரித்தாள். தன் கை மாவு இல்லாவிட்டால் அவள் சட்டி வெறும் சட்டி என்று அவன் பீற்றிக்கொள்வான். பீற்றிக்கொள்ளட்டுமே, அப்போது அவன் பக்கத்தில் இருந்தான் அல்லவா!

உலகச் சண்டை ஓயும் சமயத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். ரொட்டி சுடுகிற அடுப்புகள் பலவும் குண்டுக்குப் பலியாகியிருந்தன. சட்டிதான் ஊருக்குச் சோறு போட்டது. மிலானிலிருந்து வந்த துரை ஒருவர் இது என்ன பண்டம் என்று மூக்கைச் சுளித்தார். எந்தக் கண்டத்துப் பிள்ளையோ ஒரு சிப்பாய், நாக்கு வெந்ததையும் பொருட்படுத்தாமல் இன்னொன்றுக்குக் கையை நீட்டினான். கயெத்தானோ அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அன்றைக்கே அவன் மனசு கப்பல் ஏறிவிட்டது, பாவி.

"கடை காலூன்றட்டும்டி, உன்னைக் கூப்பிட்டுக்கறேன். நான் பிசையறேன், நீ பொரி" என்று சொல்லித்தான் நியூயார்க்குக்குப் போனான். போனவன் போனவன்தான். அன்றிலிருந்து பிசைவதும் அவள்தான், பொரிப்பதும் அவள்தான். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் போதும், கை மாவில் இருக்கும், காது வாசலில் இருக்கும். கட்டிலில் சுவரோரம் அவன் இடம். அந்தப் பக்கம் அவள் புரண்டதே இல்லை.

இன்னொரு ஏக்கமும் உண்டு. முதல் பெண் பிறந்தால் அப்பாவைப் பெற்றவளின் பெயரைத்தான் வைக்க வேண்டும். அங்கே அதில் மறுபேச்சு கிடையாது; வைக்காவிட்டால் உறவே அறுந்துபோகும். மாமியார் பிரிஜிதா இருந்தவரை, "என்னடி, இந்த மாசமாவது என் பேரு வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வரவில்லை. கேட்டுக் கேட்டே கண்ணை மூடினாள். எர்மீனியா மட்டும் தனியாக இருக்கும்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்ப்பாள். பிரிஜிதா, சாப்பிட வா. பிரிஜிதா, அடுப்புக்கிட்ட போகாதே.

அவன் போன எட்டாவது வருஷம், ஈஸ்டருக்கு முன்னால் கப்பல் சமையல்காரன் அனியெல்லோ ஊர் திரும்பினான். அதே தெருப்பிள்ளை. நியூயார்க்கில் கயெத்தானோவின் கடைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான்.

"எப்படிடா இருக்காரு எங்க வீட்டுக்காரரு? மெலிஞ்சிட்டாரா?"

"மெலியறதா! தொப்பை கதவை இடிக்குதுக்கா. போலீஸ்காரன், தையக்காரன், அயர்லாந்துக்காரன், சீனாக்காரன், அத்தனை பேரும் தெருமுனை வரைக்கும் நிக்கறான். எதுக்கு? நம்ம பீட்சாவுக்கு! ஒவ்வொண்ணும் வண்டிச்சக்கரம் அத்தனை பெரிசு."

பக்கத்து மீன்கடை கார்மோசினா வாயைப் பிளந்தாள். "இங்க ஏழைபாழை வயித்தை அடைக்கிற பண்டம். அதுக்கு அங்க வரிசையா? உலகம் தலைகீழாப் போச்சுடியம்மா!"

எர்மீனியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அது சரி, பொரிக்கறது யாரு?"

"பொரிக்கறதே இல்லக்கா. எல்லாம் கரி அடுப்புல சுடறதுதான்."

அவளுக்குச் சுருக்கென்றது. பொரிக்கிற வேலையே இல்லாத கடையில் தனக்கு என்ன இடம்? ஆனாலும் மாவை உள்ளங்கையில் தட்டியபடி, இத்தனை வருஷமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டாள். "என்னைக் கூப்பிடறதைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

அனியெல்லோ கையிலிருந்த பீட்சாவை அவசரமாகக் கடித்தான். "எங்கக்கா நின்னு பேச முடிஞ்சுது? ஒரே கூட்டம். இதுல பக்கத்து வீட்டுக் குட்டி ஒண்ணு வேற, மாவு மூட்டை மேல ஏறிக்கிட்டு ஒரே ஆட்டம். 'பிரிஜிதா, இறங்குடி கீழே'ன்னு அண்ணன் நம்ம பாஷையில கத்தறாரு..."

சொன்ன வாய் அப்படியே நின்றது. கார்மோசினா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒளித்து வைக்க வேண்டியதையெல்லாம் பார்த்துப் பார்த்து ஒளித்தவன், பெயரில் கோட்டைவிட்டான்.

"அது அயர்லாந்துப் பிள்ளைக்கா. அவங்ககிட்டயும் அந்தப் பேரு உண்டு" என்று இழுத்தான்.

"அயர்லாந்துப் பிள்ளையை நம்ம பாஷையில ஏன்டா திட்டறான்?"



"நாசமாப் போறவன்!" என்று கார்மோசினா ஆரம்பித்தாள். "இவ இங்க எண்ணெயோட எண்ணெயா வேகறா, அவன் அங்க..."

"நீ சும்மா இரு." எர்மீனியா அனியெல்லோவையே பார்த்தாள். "எத்தனை வயசு?"

"ஆறுக்கா."

சட்டியில் கிடந்த பீட்சா கருகியது. அவள் அதை எடுக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு, தெரு பார்க்கிறதே என்றுகூட எண்ணாமல் விக்கி விக்கி அழுதாள். கார்மோசினாதான் கருகியதை எடுத்து எறிந்தாள்.

அழுகை ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "யாரு சாயல்?"

"கிழவியேதான்க்கா. அதே மூக்கு, அதே அதிகாரம்."

எர்மீனியா சிரித்துவிட்டாள். கண்ணீர் மறுபடியும் வந்தது. "பொரிச்ச பீட்சா தின்னுருக்காளா?"

"அங்க ஏதுக்கா?"

"அப்ப அவன்கிட்ட சொல்லு. அவன் இந்தத் தெருப் பக்கம் தலைகாட்ட வேண்டாம், காட்டினா இந்த எண்ணெயை மூஞ்சியில ஊத்துவேன். பிள்ளையை அனுப்பச் சொல்லு. ஒரே ஒரு கோடைக்கு." குரல் இறங்கியது. "என்னை அம்மான்னு கூப்பிட வேண்டாம்டா. வாசல்ல வந்து நின்னு பசிக்குதுன்னு சொன்னாப் போதும்."