பீஸ் போகாத வண்டி

வயரின் மேல்தோல் சூட்டில் இளகத் தொடங்கும்போது வருகிற வாசனை, முதலில் கெட்ட வாசனையாகவே தெரியாது. லேசாக இனிக்கும். தீபாவளிக்கு மறுநாள் வாசலில் கிடக்கும் எரிந்த மத்தாப்புக் கம்பியை முகர்ந்தால் வருமே, அதில் கொஞ்சம் பெட்ரோலைக் கலந்ததுபோல இருக்கும். அது இனிப்பில்லை என்று மூக்குக்குப் புரிவதற்குள் நேரம் கடந்துவிடும்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த வயதில் நான் அந்த வாசனைக்கு மேலேயே உட்கார்ந்து போனவள். தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் பேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்காருவாள். எனக்கு இடம் முன்னால், பெட்ரோல் டேங்கின் மேல். வெயிலில் டேங்க் கொதிக்கும் என்று அம்மா ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டுவிடுவாள். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் போனோம். அதில் பயப்பட ஏதாவது இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா திருநெல்வேலிப் பக்கம். பேக்டரியில் ராணுவ வண்டிகளுக்கு வயரிங் செய்யும் பிரிவில் வேலை. எங்கள் பிளாக்கில் யாரும் வண்டியை வெளி மெக்கானிக்கிடம் விடமாட்டார்கள். விட்டால் அது பேக்டரிக்கே அவமானம் என்பதுபோல இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாக்கின் முன்னால் கோணிகள் விரிந்துவிடும். பொறி கிளப்பும் 'பாயின்ட்'டை உப்புத்தாளால் தேய்ப்பதும், பிளக்கைக் கழற்றி ஊதுவதும், நின்றபடி மெதுவாக ஓடும் எஞ்சினின் 'ஐட்லிங்' சீராக இருக்கிறதா என்று காதைச் சாய்த்துக் கேட்பதுமாக ஆண்கள் அங்கேயே கிடப்பார்கள். பிளாக்குக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. எங்கள் வீடுகளில் பீஸே போகாது. இஸ்திரிப் பெட்டி போட்டால் மெல்லிய பீஸ் கம்பி தாங்காது என்று எல்லோரும் கேபிளிலிருந்து உரித்த தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் எங்கள் வண்டிக்கு ஒரு நோய் வந்தது. நேராக ஓடும்போது ஒன்றும் இருக்காது; தெருமுனையில் வேகம் குறைத்துத் திரும்பும்போது 'டப்'பென்று நின்றுவிடும். மெதுவாகப் போகும்போதுதானே நிற்கிறது, ஆகவே கோளாறு ஐட்லிங்கில் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். வாராவாரம் கார்புரேட்டர் ஸ்க்ரூவை அரைச்சுற்று உள்ளே, கால்சுற்று வெளியே என்று திருகினார்.

பக்கத்து வீட்டு முனுசாமி மாமாவுக்கும் அதே பேக்டரிதான். நெமிலிச்சேரிக்காரர். டீ டம்ளரோடு வந்து கோணியின் ஓரத்தில் குந்திக்கொள்வார்.

"இன்னா அண்ணாத்தே, காத்தாலேர்ந்து கொடஞ்சிகினே கீற, உன் வண்டி இன்னும் இருமிகினுதான் கீது?"

"நீ வேற ஏம்யா உசிர வாங்குத? கார்புரேட்டர்ல தூசி."

"தூசியா? நீ தெறந்து தெறந்து மூட்ற தூசிதான் அது."

அப்புறம் வண்டி நிற்பதோடு பீஸும் போகத் தொடங்கியது. ஹாரன் இல்லை, விளக்கு இல்லை, எதுவும் இல்லை. சட்டைப்பையில் பீஸ்களை வைத்துக்கொண்டு அப்பா ரோட்டோரம் நின்று நின்று மாற்றினார். ஒரு நாள் பேக்டரி கேட்டின் எதிரே, ஷிப்ட் விடும் நேரத்தில், எல்லோரும் பார்க்க நின்றுபோனது. அந்த ஞாயிறு முனுசாமி மாமா வீட்டுக்குள் போய் ஒரு முழம் செம்புக் கம்பியோடு வந்தார்.

"இத்த சுத்து அண்ணாத்தே. ஆயுசுக்கும் போவாது."

பீஸ் இருந்த இடத்தில் அப்பா அதைச் சுற்றினார். வண்டி குணமாகிவிட்டது. திரும்பினாலும் நிற்கவில்லை, பீஸும் போகவில்லை. ஐட்லிங் என்று அவர் அதுவரை தேடியதெல்லாம் கிடைத்துவிட்டதுபோல, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி ஓடவிட்டு அப்பா சிரித்தபடி நின்றார். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தாள்.

அந்த வாரத்திலிருந்துதான் எனக்கு அந்த வாசனை வந்தது. டேங்கின் அடியிலிருந்து, என் இரண்டு முட்டிகளுக்கும் நடுவிலிருந்து வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு இழை வரும், நேரானதும் மறையும்.

"அப்பா, ஏதோ நாத்தம் வருது" என்றேன்.

"ஏட்டி, அது முன்னால போற லாரிப் புகை" என்றார். மறுபடி சொன்னபோது அம்மா பின்னாலிருந்து அதட்டினாள்: "அப்பாவுக்குத் தெரியாததாட்டீ? பேசாம உக்காரு." மூன்றாம் முறைக்குப் பிறகு அது வேடிக்கையாகிவிட்டது. வண்டியில் ஏற்றும்போதே, "என்ன, மோப்பம் பிடிச்சாச்சா?" என்று அப்பா கேட்பார், முனுசாமி மாமா தன் வீட்டு வாசலில் நின்று நாய்போல முகர்ந்து காட்டுவார், அம்மாகூடச் சிரிப்பாள். நான் சொல்வதை விட்டுவிட்டேன். வாசனை விடவில்லை. மடித்த துண்டுக்குக் கீழே டேங்கின் முன்பக்கம், வெயில் இல்லாத மாலைகளிலும் வெதுவெதுப்பாக இருந்தது.

சித்தி வீடு நெமிலிச்சேரியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அங்கே போகும்போது ஒரு நாள் கேட் போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் கேட்டில் நிற்பதென்றால் அப்பாவுக்குத் திக்கென்றிருக்கும். நின்ற வண்டி மறுபடி உதைத்தால் கிளம்புமா என்று. அன்று பெருமையாக எஞ்சினை அணைக்காமல், ஹாண்டிலை இடப்பக்கம் முழுக்க ஒடித்து, கால்களை ஊன்றி நின்றார். "பாரு, எப்படி ஓடுது" என்று அம்மாவிடம் சொன்னார்.

ரயில் வர நேரமாயிற்று. ஹாண்டில் திரும்பியே இருந்தது. அந்த இனிப்பு வந்தது, போகவில்லை; கசந்தது. என் முட்டியில் ஏதோ கடித்தது. கீழே பார்த்தேன். டேங்குக்கும் ஹாண்டிலுக்கும் நடுவிலிருந்து, ஊதுபத்திப் புகைபோல ஒல்லியாக, அவசரமே இல்லாமல் ஒரு வெள்ளைக் கோடு மேலே வந்துகொண்டிருந்தது.

கேட்டோரம் வெள்ளரிக்காய் விற்றவள்தான் கத்தினாள்: "யோவ்! டாங்குல பொகை வருதுய்யா! கொயந்தய எறக்குய்யா மொதல்ல!"

அப்பா என்னை அக்குளில் பிடித்துத் தூக்கிய வேகத்தில் துண்டும் என்னோடு வந்தது. யார் கைக்குப் போனேன் என்று தெரியாது. அம்மா சரளையில் விழுந்து எழுந்தாள். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தும் புகை நிற்கவில்லை. அப்பா வண்டியின் பக்கவாட்டு மூடியைப் பிய்த்து, பாட்டரி வயரை வெறுங்கையால் சுற்றிப் பிடித்து இழுத்தார். அறுந்தது. யார் யாரோ மண்ணை அள்ளி டேங்கின் அடியில் வீசினார்கள். ரயில் அதன்பாட்டுக்குக் கடந்து போனது.

டேங்கைக் கழற்றியபோது முனுசாமி மாமாவும் இருந்தார். அன்று ஒரு கேலியும் இல்லை. டேங்கின் அடியில் வரும் வயர்க்கட்டு, ஹாண்டில் திரும்பும் இடத்தில் இரும்பில் உரசி உரசித் தோல் தேய்ந்திருந்தது. வண்டி நின்றது மெதுவாகப் போனதால் அல்ல, திரும்பியதால். திரும்பும்போதெல்லாம் செம்பு இரும்பைத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. அப்போதெல்லாம் உயிரைவிட்டு வண்டியைக் காப்பாற்றியது அந்தச் சின்ன பீஸ்தான். அது போகாமல் இருக்கத்தான் தடித்த கம்பி சுற்றினோம். பெட்ரோல் குழாய்க்கும் கருகிய வயருக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையும் இடம் இருந்தது. அப்பா அதை எனக்குக் காட்டவில்லை, நானாகத்தான் வைத்துப் பார்த்தேன். அதன்பின் அவர் என்னை டேங்கின் மேல் உட்காரவைத்ததில்லை. சூடான வயர் அவர் உள்ளங்கையில் போட்ட கோடு கடைசிவரை இருந்தது.

இன்று அந்த கேட் இருந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை, மேலே பாலம் போகிறது. குவார்ட்டர்ஸில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, எங்கள் பிளாக்கின் சுவரில் அரசமரம் வேர்விட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கோணிகள் இல்லை. ஐட்லிங் என்று யாரும் காதைச் சாய்ப்பதுமில்லை.

நாங்கள் திருவேற்காட்டில் குடியிருக்கிறோம். என் மகளை அவள் அப்பா ஸ்கூட்டரின் முன்னால் நிற்கவைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். போன மாதம் அவள் ஒரு நாள், "அம்மா, வண்டில ஏதோ ஸ்மெல் வருது" என்றாள். அன்று இருவரையும் இறக்கி ஆட்டோவில் அனுப்பினேன். சர்வீஸில் எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். "புது வண்டி. சும்மா கொழந்தைய பயமுறுத்தாத" என்றார் கணவர். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நான்தான் அளவுக்கு மீறிப் போகிறேனோ என்று எனக்கே சந்தேகம். ஆனாலும் தினமும் காலையில், ஹெல்மெட் பட்டையை மாட்டிவிடும்போது அவளிடம் கேட்கிறேன், ஏதாவது வாசனை வருகிறதா என்று.

இன்று காலையும் கேட்டேன். கணவர் ஸ்கூட்டர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் சிரித்தாள்.

"ஒண்ணும் வரலைம்மா."

வண்டி தெருமுனையில் இடப்பக்கம் திரும்பி மறைந்த பிறகுதான் உறைத்தது. அதைச் சொல்லும் முன் அவள் மூச்சை இழுத்துப் பார்க்கவே இல்லை.