அத்தைக்கு நான் நடத்திய துருக்கிப் பாடம்

ஏழாம் வகுப்புக் கோடை விடுமுறை முழுவதும் அத்தைக்குத் துருக்கி மொழி சொல்லிக்கொடுத்தே வீணாய்ப்போனது. அந்த நாட்டு ஓட்டல் ஒன்றில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருந்தார் நைனா. வீடியோ காலில் அவர்கள் மொழியில் நாலு வாக்கியம் பேசிக் காட்டினால் வேலை உறுதி. தமிழ் இலக்கணத்தில் நான் நல்ல மார்க் வாங்கியிருந்ததால் தன் தங்கையை என் தலையில் கட்டிவிட்டார்.

போனில் பாடம் கேட்ட இரண்டாம் நாளே எனக்குப் பிடிபட்டுவிட்டது. நம் பேச்சைப் போலவே அதிலும் வினை கடைசியில்தான் வரும். 'கெல்' என்றால் வா. 'கெல்திம்' வந்தேன், 'கெல்திக்' வந்தோம். பள்ளியில் படித்த விகுதிதான். இதில் தடுமாற என்ன இருக்கிறது?

அத்தை தடுமாறினாள். வினையைத் தூக்கி நடுவில் போடுவாள். வந்தேன் என்று சொல்லச் சொன்னால் வந்தோம் என்பாள், திருத்தினால் வந்தான் என்பாள். செஞ்சி தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் ஊரார் மனுவையெல்லாம் ஒற்றுப்பிழைகூட இல்லாமல் எழுதிக்கொடுப்பவள் அவள். அமாவாசைக்கு எல்லாரும் மேல்மலையனூர் கோயிலுக்கு பஸ் ஏறிய அன்றும் நான் அவளோடு உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தேன்.

"இன்னா அத்த, நம்ம பேசுற மாதிரியேதான இருக்குது?"

"மண்டையில ஏற மாட்டேங்குதுடி" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு என் எரிச்சலை இன்னும் கிளப்பும்.

வீடியோ கால் வந்தது. முதல் கேள்விக்கே விழித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. 'நான் துருக்கியில் வேலை செய்ய விரும்புகிறேன்' என்பதை அவர்கள் மொழியில், பரீட்சை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, போனுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தேன். பக்கத்தில் இருந்த நைனா அதைப் பார்த்துவிட்டார்.

"அதப் பாத்துச் சொல்லேன்" என்றார் மெதுவாக.

அத்தை அட்டையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு பிசகில்லாமல் சொன்னாள். மற்ற மூன்றையும் நான் எழுதி முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டாள். நைனா என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

துருக்கிக்குக் கிளம்பும்போது, "நல்லா சொல்லிக்குடுத்தடி" என்றாள். அவ்வளவுதான். ஒரு மாத உழைப்புக்கு ஒரு சாக்லேட்கூட இல்லையா என்று முறுக்கிக்கொண்டு நின்றேன். போக மனமில்லாமல், அதைத் தன் அண்ணனிடம் வாய் திறந்து சொல்லவும் முடியாமல், அவள் தினமும் யோசித்து யோசித்துத்தான் தப்பாகப் பேசினாள் என்பதும், அந்த ஒரு வழியையும் அடைத்தது நான் என்பதும் எனக்கு அன்று புரியவில்லை.