சங்கவியின் ஏழு கிலோ

சங்கவிக்குக் கோபம் வந்தால் வங்காளியில் திட்டுவாள். அழுகை வந்தால் தமிழில் அழுவாள். இரண்டையும் ஒரே காலையில், கல்கத்தா விமான நிலையத்தில், பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

அவள் எங்கள் லேக் மார்க்கெட் பெண். அப்பா சின்னசாமிக்கு அங்கே மளிகைக் கடை. அப்பளம், காபித்தூள், நல்லெண்ணெய் என்று நம்மூர்ச் சாமான் என்ன கேட்டாலும் எடுத்துத் தருவார். மகளும் கல்லாவில் உட்காருவாள் என்று அந்தத் தெருவே முடிவு செய்து வைத்திருந்தது. அவளோ பள்ளி முடித்த கையோடு கிரிதரின் ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

கல்கத்தாவில் தமிழ்க் கல்யாணம் என்றால் படம் எடுப்பது கிரிதர்தான். பத்து வருஷம் அவரிடம் உழைத்தாள் சங்கவி. மணப்பெண் அறைதான் அவள் எல்லை. மருதாணிக் கை, ஜடைநாகம், ஜிமிக்கி, கண்ணாடி முன்னால் வெட்கப்படுகிற முகம், எல்லாம் எடுத்திருக்கிறாள். முகூர்த்த நேரம் நெருங்கினால் மட்டும் கிரிதர், "மேடைய நாங்க பாத்துக்கறோம், நீ கீழ நின்னு கூட்டத்த எடு" என்று அனுப்பிவிடுவார். எத்தனையோ கல்யாணம் பார்த்தவள், ஒரு தாலிகூடத் தன் கேமராவில் பார்த்ததில்லை. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் வேலையை விட்டேன் என்று என்னிடம் சொன்னாள். நானாக இருந்தால் சிரித்த வாயிலேயே ஒன்று கொடுத்திருப்பேன்.

போன தை மாதம் என் அண்ணன் ராமனின் மகள் அக்ஷராவுக்குக் காஞ்சிபுரத்தில் கல்யாணம். படம் எடுக்கச் சங்கவியைப் பேசிவிட்டேன். அண்ணனிடம் கேட்டுக்கொண்டெல்லாம் பேசவில்லை. கிடர்பூரில் கப்பல் கம்பெனி ஆபீசில் முப்பது வருஷம் ஆண்களோடு மல்லுக்கட்டியவள் நான். கேட்டால் எந்தக் காரியமும் நடக்காது என்பது அங்கே கற்ற பாடம்.

அண்ணன் குதித்தான். "கிரிதர விட்டுட்டு இந்தப் பொண்ணா? தாலி கட்டுற படம் மட்டும் சரியா வரலைன்னா ரெண்டு பேரும் என் மூஞ்சியில முழிக்காதீங்க."

விஷயம் கிரிதர் காதுக்கும் போனது. அவருடைய ஆட்கள் வெளியூர்க் கல்யாணம் என்றால் டிரங்குப் பெட்டிகளோடு சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் முன்கூட்டியே ரயில் ஏறுகிறவர்கள். "ஒத்தப் பொம்பள, கைல ஒரு ஏழு கிலோ பை. அங்க போய் என்னத்தக் கிழிக்கப் போறா? திரும்பி என்கிட்டதான் வந்து நிப்பா" என்று அவர் சொன்னதாகச் சங்கவியிடம் யாரோ வந்து ஓதினார்கள்.

சங்கவிக்கு ரயிலில் போக நேரமில்லை. கல்யாண வரவேற்புக்கு முந்தின நாள் பாலிகஞ்சில் ஒரு வங்காளி வீட்டுக் குழந்தைக்கு அன்னப்பிராசனம், அதையும் ஒப்புக்கொண்டிருந்தாள். விமானம்தான் வழி, நானும் அவளோடு கிளம்பினேன். விமானத்தில் கையோடு எடுத்துப் போக ஏழு கிலோதான் கணக்கு. கேமராவைக் கீழே சரக்கோடு போட அவளுக்கு மனமில்லை. ஒருமுறை ஸ்டுடியோ பெட்டியை அப்படிப் போட்டு, திரும்பி வந்தபோது லென்ஸைக் குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் கேட்டதாம். பேட்டரிகளையோ சரக்கில் போடவே விடமாட்டார்கள். ஆகவே எல்லாமே அந்த ஏழு கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின மாலை அப்பா கடையில் தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பைக்குள் இருந்த தடுப்பு அட்டைகளைப் பிடுங்கி எறிந்தாள். அட்டைக்குக் கொடுக்கிற எடையை லென்ஸுக்குக் கொடுக்கலாமே என்றாள். பதிலுக்கு ஒவ்வொரு லென்ஸையும் கருப்புத் துணியில் சுற்றி ஒன்றையொன்று முட்டாமல் அடுக்கினாள். பேட்டரிகளின் முனைகளில் செல்லோ டேப் ஒட்டி, தையல்காரரிடம் சொல்லித் தைத்த பத்துப் பாக்கெட் கோட்டில் போட்டுக்கொண்டாள். அந்தக் கோட்டில் அவள் பஸ் கண்டக்டர் மாதிரி இருந்தாள், அதைச் சொன்னதற்கு என்னை முறைத்தாள்.

கடைசியாக ஒரு நீள லென்ஸை எடுத்தாள். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டுவது. கனமான சாமான்.

"இது ஒண்ணுதான் மாஷி எனக்கு முக்கியம்" என்றாள். எங்கள் பக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பெண்களை மாஷி என்றுதான் கூப்பிடும். "மேடை மேல என்னை விடமாட்டாங்க. கூட்டத்துக்குப் பின்னால நாற்காலி போட்டு ஏறி, அங்கேருந்தே தாலிய எடுத்துருவேன். எவன்கிட்டயும் கெஞ்ச வேணாம்."

முள் சரியாக ஏழில் நின்றது. அப்போது பார்த்துச் சின்னசாமி ஒரு பொட்டலத்தோடு வந்தார். பனிக்காலத்தில் இங்கே ஈச்ச மரத்திலிருந்து இறக்குகிற நோலேன் குர், கெட்டியாகக் காய்ச்சி வட்டமாக வார்த்த வெல்லம். காஞ்சிபுரத்தில் இருக்கும் தங்கை நாகம்மாவுக்கு.

இங்கே இது ஒரு வியாதி. ஒருத்தர் ஊருக்குப் போகிறார் என்று தெரிந்தால் போதும், தெரு முழுக்கப் பொட்டலம் கட்டும். சந்தேஷ் இனிப்பு, வெல்லம், கம்பளி, எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். மறுத்தால் மனஸ்தாபம்.

சங்கவி மறுத்தாள். "ஒரு கிராம்கூட முடியாதுப்பா. முள்ளப் பாருங்க."

"முக்கா கிலோதாம்மா. அத்த ஒவ்வொரு வருஷமும் வழி பாத்துனு இருக்கும்."

"அத்தைக்குப் பார்சல்ல அனுப்புங்க. இந்தப் பை பொட்டலம் தூக்க வந்ததில்ல."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காலையில் பையை டாக்சி வரை தூக்கி வந்து வைத்தவர் அவர்தான். பாசமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

விமான நிலையக் கவுன்டரில் முதல் சண்டை. பையை எடை போட்டார்கள், ஏழு. ஆனாலும் அங்கிருந்த பெண், விமானம் நிரம்பி வழிகிறது, பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு பையைக் கீழே கொடுத்துவிடுங்கள் என்றாள். சங்கவி வங்காளியில் ஆரம்பித்தாள். எடை சரியாக இருக்கிறதா இல்லையா, இருந்தால் எதற்குக் கீழே போட வேண்டும் என்று கேட்டாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் திரும்பி வரிசையைப் பார்த்த பார்வையில் முணுமுணுப்பு நின்றது.

"பை கீழ போகணும்னா என்னையும் அந்த பெல்ட்டுல ஏத்திவிடுங்க. ரெண்டு பேரும் சேந்தே போறோம்" என்று சொல்லிவிட்டு, பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் அவளையும் கோட்டையும் ஒருமுறை பார்த்தாள். என்ன தோன்றியதோ, பையில் ஒரு சீட்டைக் கட்டி, கையோடே கொண்டு போக விட்டுவிட்டாள்.

அடுத்தது சோதனை. பை எக்ஸ்ரேக்குள் போனது, அங்கேயே நின்றது. திரையில் வயரும் சார்ஜரும் நடுவில் ஒரு பெரிய கட்டியும் தெரிந்ததாம். காவலர் பையைத் தனியே எடுத்து வைத்து, இது என்ன என்று இந்தியில் கேட்டார்.

"லென்ஸ்" என்று அலட்சியமாகச் சொல்லிக் கருப்புத் துணியைப் பிரித்தாள் சங்கவி.

உள்ளே வெல்லம் இருந்தது.

அவளுடைய துணியில், அவள் சுற்றுகிற அதே சுற்றில், நீள லென்ஸ் இருந்த அதே இடத்தில். காவலர் குனிந்து மோந்து பார்த்தார், ஏதோ ஒரு பட்டையால் துடைத்து, வெடிமருந்து பார்க்கிற கருவியில் வைத்தார், பிறகு குர் என்று சொல்லிச் சிரித்துப் போகச் சொன்னார். சங்கவி நகரவில்லை. போனை எடுத்தாள்.

"அப்பா, லென்ஸ் எங்க?"

ஸ்பீக்கரில் சின்னசாமியின் குரல் நிம்மதியாக வந்தது. "இங்கதாம்மா இருக்குது, பத்திரமா வச்சிருக்கேன். உனுக்கு எட கூடக்கூடாதுன்னுதான் பாத்துப் பாத்து செஞ்சேன். முக்கா கிலோ எடுத்தேன், முக்கா கிலோ வச்சேன். முள்ளு அசையல."

"ஏம்பா அத எடுத்தீங்க?"

"நாலு இருந்துச்சே. ஒண்ணு இல்லன்னா என்னம்மா?"

அவர் ஆயுசு முழுக்கச் செய்த தொழில் அது. ஒரு தட்டில் எடுத்தால் இன்னொரு தட்டில் வைத்துச் சமன் செய்ய வேண்டும். எடை நின்றுவிட்டால் அவர் மனசும் நின்றுவிடும். சங்கவி போனை வைத்துவிட்டு வங்காளியில் எதையெதையோ திட்டினாள். பிறகு அங்கிருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, "போச்சு மாஷி, எல்லாம் போச்சு" என்று தமிழில் அழுதாள். லேக் மார்க்கெட்டிலிருந்து லென்ஸ் வந்து சேர்வதற்குள் விமானம் போய்விடும். கிரிதரின் சிரிப்பு எனக்கே காதில் கேட்டது.

சென்னையில் இறங்கியதிலிருந்து காஞ்சிபுரம் போகிற வரை காரில் போன் போட்டுக்கொண்டே வந்தாள். மறுநாள் முகூர்த்த நாள். வாடகைக்கு விடுகிற லென்ஸெல்லாம் ஏற்கெனவே ஏதேதோ மண்டபங்களில் இருந்தன. ராத்திரி வரவேற்பைக் கையிலிருந்த லென்ஸ்களால் சமாளித்தாள். அண்ணனிடம் நான் எதையும் சொல்லவில்லை.

"இருக்கறதுல தாலி எடுக்கணும்னா எவ்ளோ கிட்ட போகணும்?" என்று படுக்கும்போது கேட்டேன்.

"கை நீட்டினா தொடணும். மேடைல, மாப்பிள்ளை பக்கத்துல."

"போயேன்."

"விடுவாங்களா?"

"விட மாட்டாங்க" என்றேன். அவள் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

காலையில் அவள் நாற்காலி எதையும் தேடவில்லை. தலையை வாரிக் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மேடை ஏறினாள். மாப்பிள்ளையின் பெரியப்பா நடராஜன் வழி மறித்தார். மீசையும் அங்கவஸ்திரமுமாக, அந்த மண்டபமே தன்னுடையது என்பது போல நிற்கிற மனிதர்.

"எம்மா, தாலி கட்டுற நேரத்துல பொம்பளைங்க கேமராவத் தூக்கினு மேடைல நிக்கிற பழக்கமெல்லாம் எங்கள்ல இல்ல. கீழ இறங்கு."

மேளக்காரர்கள் அவர்களைப் பார்த்தார்கள். கூட்டம் பார்த்தது. அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். இறங்கிவிடுவாளோ என்று எனக்கே ஒரு நிமிஷம் பயமாக இருந்தது.

"பெரியப்பா, மூணாவது முடிச்சு யாரு போடப் போறாங்க?" என்று கேட்டாள் சங்கவி. குரல் உயரவில்லை.

"நாத்தனாருதான். அதுக்கென்ன இப்போ?"

"அவங்க பொம்பளதானே? அவங்களையும் இறக்கிட்டீங்கன்னா நானும் இறங்கிடறேன்."

தாலி முடிச்சுப் போடக் காத்திருந்த மாப்பிள்ளையின் தங்கை புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நடராஜனுக்கு முகம் சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஐயர் தாலித் தட்டை நீட்டிவிட்டார், கெட்டிமேளம் ஆரம்பித்துவிட்டது. சங்கவி அவரைச் சுற்றிக்கொண்டு போய் மணமக்கள் பக்கத்தில் மண்டியிட்டாள். ஹோமப் புகை முகத்தில் அடித்தது. கண்ணைச் சிமிட்டாமல் கேமராவை வைத்தவள், திரும்பாமலே சொன்னாள்.

"பெரியப்பா, உங்க தோள் படத்துல விழுது. கொஞ்சம் தள்ளுங்க."

நடராஜன் தள்ளினார். எனக்குச் சத்தமாகக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, அட்சதையை வாரி எறிந்து ஆசையைத் தீர்த்துக்கொண்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில் அண்ணனிடம் கேமராவை நீட்டினாள். முதல் முடிச்சில் தடுமாறுகிற மாப்பிள்ளை விரல்கள், அக்ஷராவின் கழுத்தில் ஒரு சொட்டு வியர்வை, மஞ்சள் கயிறு, காத்திருக்கும் நாத்தனாரின் வளையல் கை. ஓரத்தில், அட்சதையை எறிய மறந்து கண் கலங்கி நிற்கிற அண்ணன். நாற்காலி மேல் நின்று எத்தனை பெரிய லென்ஸ் வைத்திருந்தாலும் இது கிடைத்திருக்காது என்று எனக்கே புரிந்தது.

அண்ணன் நெடுநேரம் பார்த்தான். "நான் அழுவறது நல்லாவே தெரியுது" என்றான். பிறகு, "இத பெரிசா போட்டுக் குடும்மா" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை மறந்து எழுந்து போனான்.

சங்கவி அப்பாவுக்குப் போன் செய்தாள். ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"எடுத்துட்டியாம்மா?"

"எடுத்துட்டேம்பா. கிட்ட நின்னு எடுத்தேன்."

"அத்தைக்கு வெல்லம் குடுத்தியா?" என்று மெதுவாகக் கேட்டார். சங்கவி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

இந்த மாசியில் மறுபடி காஞ்சிபுரத்துக்குப் போகிறாள். அந்த நாத்தனார்ப் பெண்ணுக்கே கல்யாணம், இவள்தான் எடுக்க வேண்டும் என்று நடராஜனே போன் செய்திருக்கிறார். நேற்றுக் கடையில் மறுபடியும் தராசு. சின்னசாமி நீள லென்ஸைச் சாமி படம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்து பைக்குள் வைத்தார். சங்கவி அதை எடுத்து அப்பள அலமாரியில் வைத்துவிட்டாள்.

"ஏம்மா, இதானே முக்கியம்னே?"

"அது தூரத்துல நிக்கறவங்களுக்குப்பா. நான் மேடைல நிப்பேன்."

அவர் முள்ளைப் பார்த்தார். அது ஏழுக்குக் கீழே நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"முக்கா கிலோ குறையுதேம்மா. என்ன வைக்கட்டும்?"

"சீசன் முடியப் போகுதில்ல" என்றாள் சங்கவி, கருப்புத் துணியை அவரிடம் நீட்டி. "அத்தைக்கு வெல்லம் வைங்க."