ராக்கப்பன் கையில் என் கடிகாரம்

எனக்கு ஐம்பத்தொரு வயது. துபாய் கராமாவில் அத்தர் கடை வைத்து இருபத்து மூன்று வருடமாக உட்கார்ந்தே இருக்கிறேன். கடை நாற்காலியை மூன்று தடவை மாற்றியாயிற்று. உட்காருகிற ஆள் பருத்தானே தவிர மாறவில்லை.

இந்த வருடம் ஊருக்குப் போயிருந்தபோது எனக்கும் என் மனைவி உம்மு சல்மாவுக்கும் ஒரே நாளில் சர்க்கரை பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் எகிறிக் கிடந்தது. மூன்று மாதம் ஒழுங்காக நடங்கள், இல்லாவிட்டால் ஊசிதான் என்றார் டாக்டர். மகள் அஃப்னா ஆளுக்கொரு கடிகாரம் வாங்கித் தந்தாள். அது நடக்கிற அடியை எண்ணும். என் எண்ணிக்கை கீழக்கரையில் சல்மா போனில் தெரியும், அவளுடையது இங்கே என் போனில்.

"நீங்க நடந்தா நானும் நடப்பேன் மச்சான்" என்றாள் சல்மா.

துபாய் திரும்பி நான்கு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள் வெயில். ஆறாம் நாள் வியாபாரம். சோம்பேறிக்குச் சாக்கா கிடைக்காது? என் கடிகாரம் எண்ணூறு என்று காட்டியது, வெட்கமாகிவிட்டது. வெட்கப்பட்டவன் எழுந்து நடந்திருக்க வேண்டும். நானோ பக்கத்து கிராசரியில் வீடு வீடாகச் சாமான் கொண்டு போய்க் கொடுக்கும் ராக்கப்பனைக் கூப்பிட்டேன். அவருக்கும் என் வயதுதான்.

"இதக் கையில கட்டிக்கங்க. சாயங்காலம் குடுங்க."

"எதுக்கு பாய்?"

"சும்மா கட்டுங்க. மத்தியானச் சாப்பாடு என்னோடது."

அன்று பதினாலாயிரம் அடி. சல்மாவின் குரல் வந்தது: "மாஷா அல்லாஹ்! இந்த வெயில்லயா மச்சான் நடந்தீக?"

"ஆமா" என்றேன். கூசாமல் சொன்னேன். அப்படியே இரண்டு மாதம் ஓடியது. ராக்கப்பன் நடந்தார், நான் பாராட்டு வாங்கினேன். சல்மாவும் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று ஏறிக்கொண்டே வந்தாள். நானும் வெட்கமில்லாமல் சபாஷ் போட்டேன்.

போன வாரம் அஃப்னா கூப்பிட்டாள்.

"வாப்பா, உம்மாக்கு முழங்கால் வீங்கிப்போச்சு. நாற்காலில உக்காந்துதான் தொழுவுறாங்க. போதும்மா, மாடில சுத்துனது போதும்னா கேக்க மாட்டேங்குறாங்க. 'அந்தப் பாலைவனத்து வெயில்ல வாப்பா நடக்குறாக, நான் நெழல்ல நடக்கக் கூடாதா'ன்னு அழுவுறாங்க."

யா அல்லாஹ்! ஏசி காற்றில் எனக்கு வியர்த்தது. என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருந்தது.

மறுநாள் விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டுக் கடிகாரத்தை என் கையில் கட்டிக்கொண்டு இறங்கினேன். மெட்ரோ ஸ்டேஷன் வரை போய் வருவதற்குள் மூச்சு முட்டியது. இரண்டாயிரத்து முந்நூறு.

இரவு வரை அதற்கு மேல் ஏறவில்லை. சல்மா கூப்பிட்டாள். "என்னா மச்சான், ஒடம்புக்கு முடியலையா? இம்புட்டுத்தான் காட்டுது?"

"இதுதான் சல்மா நான் நடந்தது. இத்தன நாளா நடந்தது ராக்கப்பன். கடிகாரத்த அவரு கையில கட்டிவிட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"அப்ப நான் யாருகூட மச்சான் நடந்தேன்?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து நானே தினமும் நடக்கிறேன். இன்று மூவாயிரத்து நூறு. போனில் அவளுடைய இடத்தில் ஒரு வாரமாகப் பூஜ்யம்தான்.