செருப்பு மாட்டும் இடத்தில் ஒரு கூட்டம்

எங்கள் பகுதியான மர்பி டவுனில் ஆஞ்சலாவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வெளிநாட்டு பேங்க்கில் வேலை என்பார் ஒருவர், மிஷனில் வேலை என்பார் மற்றொருவர். இரண்டும் சரியல்ல. வெளிநாட்டு உதவியோடு நடக்கும் திட்டங்களுக்கு அவர் மொழிபெயர்ப்பாளர். ஒரு திட்டம் வந்தால் அழைப்பார்கள், முடிந்தால் அனுப்பிவிடுவார்கள்.

அதற்கு முன்பு ஒரு பெரிய ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். எக்ஸ்சேஞ்ச் தானியங்கி ஆனதும் அந்த வேலை போயிற்று. அங்கே கற்ற ஒரு விதியை மட்டும் அவர் விடவில்லை: லைன் கொடுத்தவுடன் காதை எடுத்துவிட வேண்டும். மொழிபெயர்ப்பிலும் அப்படித்தான். கூட்டத்தில் சொன்னதைச் சொன்னபடி சொல்வார். கூட்டத்துக்கு வெளியே காதில் விழுந்ததை யாரிடமும் கொண்டுபோக மாட்டார். கழிப்பறைத் திட்டம், தடுப்பூசித் திட்டம், தண்ணீர் மீட்டர் திட்டம் என்று எத்தனையோ வந்து போயின. அந்த விதி மாறவில்லை. ஒரு முறை மாறியது. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியின் ஓரமாக ஒரு பெரிய மோரி, அதாவது சாக்கடைக் கால்வாய், ஓடுகிறது. அடைமழை பெய்தால் சாக்கடை நீர் கரையேறிக் கீழ்ச்சந்து வீடுகளுக்குள் புகுந்துவிடும். ஆஞ்சலாவின் வீடும் கீழ்ச்சந்தில்தான். மோரிக்கு இருபுறமும் உயரமாகச் சுவர் எழுப்ப ஒரு வெளிநாட்டு வளர்ச்சி வங்கி கடன் தர முன்வந்தது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. வரைபடத்தில் ஒரே ஒரு குறை. சுவர் வந்தால் மோரியின் மேல் இருக்கும் சின்னப் பாலம் அடைபடும். அந்தப் பாலத்தின் வழியாகத்தான் அலர்மேல்மங்கை தினமும் விடியற்காலையில் தன் இட்லி வண்டியை மெயின் ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார். சுற்றுவழியில் படிக்கட்டு இருக்கிறது, வண்டி ஏறாது.

வங்கியின் விதிப்படி மக்களைக் கேட்காமல் வேலை தொடங்கக்கூடாது. 2023 பிப்ரவரி 11, சனிக்கிழமை மாலை, சர்ச்சின் பங்குக் கூடத்தில் கூட்டம். வங்கியின் சார்பில் கென்யாவிலிருந்து வஞ்சிரு என்ற அம்மையார் வந்திருந்தார். திட்ட அலுவலகத்தின் இன்ஜினியர் ரகுராம், ஈரோட்டுக்காரர், வரைபடத்தைத் திரையில் காட்டினார். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். வஞ்சிரு பொறுமையாக, ஒரு முறைக்கு இரு முறை, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த அலர்மேல்மங்கையை நேராகவே கேட்டார்.

"எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க மேடம்," என்றார் அவர். ஆஞ்சலா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார்.

கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். 'ஆட்சேபணை எதுவும் இல்லை' என்று எழுதினேன். உள்ளே நடந்தவரைக்கும் அது சரியான குறிப்புத்தான்.

கூடத்துக்குப் புதிதாக டைல்ஸ் போட்டதிலிருந்து செருப்பை வாசலில் விடும் வழக்கம். கூட்டம் முடிந்து எல்லாரும் வாசலில் குனிந்து செருப்புத் தேடினார்கள். அங்கேதான் பேச்சு தொடங்கியது.

"செவுரு கட்டினா என் வண்டி இன்னா, பறந்தா போவும்?" என்றார் அலர்மேல்மங்கை.

"ரெக்கை வச்சுக்கோ. பேங்க்குல கேளு, கடன் குடுப்பாங்க," என்றார் மெக்கானிக் கிளெமென்ட்.

"உனுக்கு இன்னா நைனா, வேளாவேளைக்கு உன் பொண்டாட்டி ஆக்கிப் போடறா. என் அடுப்பு எரியறது அந்தப் பாலத்து மேல."

ஆஞ்சலா நிமிர்ந்தார். "இதை உள்ளே ஏன்க்கா சொல்லலே? வாயைத் தொறந்து கேட்டாங்களே."

"நல்லா கேட்டே போ. எங்கிருந்தோ வந்து நம்ம கையால டீ வாங்கிக் குடிச்சிட்டிருக்காங்க. மூஞ்சிக்கு நேரா வேணான்னு சொல்றதா? அது ஒரு மரியாதையா?"

ரகுராம் பக்கத்திலேயே ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் அல்ல, மழைக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. ஆஞ்சலாவைத் தனியே அழைத்துத் தணிந்த குரலில் சொன்னார்: "மேடம், இதைப் பதிவு பண்ணினா டிசைன் திரும்பவும் அவங்க ஹெட் ஆபீஸுக்குப் போகணுங்க. இந்த மழைக்குள்ள அந்த எடத்துல சுவரு வராது. உங்க வீடும் கீழ்ச்சந்துதானுங்களே?"

போன மழையில் ஆஞ்சலாவின் வீட்டுக் கட்டில்வரை தண்ணீர் வந்திருந்தது.

வஞ்சிரு வெளியே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடையது நீண்ட கயிறு வைத்த ஷூ. குனிந்து ஒவ்வொரு துளையாகக் கோத்துக்கொண்டிருந்தார். விருந்தாளியின் பார்வை தரையில் இருந்ததால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. அலர்மேல்மங்கை சுவரைத் திட்டினார், வரைபடத்தைத் திட்டினார், பாலத்தைக் காகிதத்தில் மறந்தவனின் கண்ணைத் திட்டினார்.

ஆஞ்சலா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து அதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். வசவையும் விடவில்லை. வஞ்சிரு தலையை நிமிர்த்தவில்லை. கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கோத்தார்.

பிறகு நடந்ததைப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். வங்கி பயந்துபோய்ப் பாலம் கட்டிக் கொடுத்தது என்பது கதை. உண்மை இதுதான். வங்கியின் விதியில் பாதிக்கப்பட்டவர் என்றால் வீட்டையோ நிலத்தையோ இழப்பவர். வண்டி போகும் வழியை இழப்பவருக்கு அதில் இடமில்லை. ஆனாலும் வஞ்சிரு அந்த ஆட்சேபணையைத் தன் அறிக்கையில் எழுதினார். டிசைன் கடல் தாண்டிப் போனது. பாலத்துக்கு இருபுறமும் வேலை நடந்தது. பாலத்தருகே மட்டும் சுவர் வராமல் இடைவெளி நின்றது.

அந்த மழைக்காலத்தில் ஓர் இரவு தண்ணீர் அந்த இடைவெளி வழியாகத்தான் வந்தது. கீழ்ச்சந்தில் ஆஞ்சலாவின் வீடு உட்படச் சில வீடுகள் நனைந்தன. மறுநாள் காலை அவர் சேற்றை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது அலர்மேல்மங்கை ஒரு தூக்குவாளியில் இட்லி கொண்டுவந்து வாசலில் நின்றார்.

"வாயை மூடிக்கினு இருந்திருந்தா உன் வீடு தப்பிச்சிருக்கும்."

"ஆமாங்க்கா."

"வாயை மூடிக்கினு இருக்கத்தானே உனுக்குச் சம்பளம்?"

"தொடப்பத்தை எடுங்க, அந்த மூலையைத் தள்ளுங்க," என்றார் ஆஞ்சலா. இருவரும் மதியம்வரை தள்ளினார்கள்.

அடுத்த ஆண்டு பாலத்தை உயர்த்தி இருபுறமும் வண்டி ஏறும் சரிவுப் பாதை போட்டார்கள். சுவரும் முடிந்தது. அதன் பிறகு கீழ்ச்சந்தில் தண்ணீர் புகவில்லை. வஞ்சிரு வேறு நாட்டுப் பணிக்கு மாறிப் போனார். ஆனால் அவர் எழுதிய அறிக்கையிலிருந்து ஒரு புது விதி பிறந்தது: ஒவ்வொரு கூட்டமும் முடிந்தபின், வெளியேறும் இடத்தில் தனியாக அரை மணி நேரம் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும்.

2025இல் அதே வங்கியின் தெருவிளக்குத் திட்டம் வந்தது. ஞாயிறு பூசைக்குப் பின் கூட்டம். விதிப்படி, கூடத்தின் வாசலில், செருப்பு விடும் இடத்திலேயே ஷாமியானா, நாற்காலி, மைக். புதிதாக வந்த வங்கி அதிகாரி மைக்கில் கேட்டார். ரகுராம் ஆவலோடு பார்த்தார். எல்லாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வடை சாப்பிட்டார்கள்.

"நல்லதுங்க சார்," என்றார் அலர்மேல்மங்கை. ஆஞ்சலா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். நானும் அப்படியே எழுதினேன்.

கூட்டம் கலைந்தது. அதிகாரி காரில் ஏறினார். அலர்மேல்மங்கை பாலத்து முனையில் மூடி வைத்திருந்த வண்டியை நோக்கி நடந்தார். கிளெமென்ட்டும் இன்னும் நான்கைந்து பேரும் பின்னால். ஆஞ்சலா மைக்கை வைத்துவிட்டு அவர்களைத் தொடர்ந்தார். வண்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து ஆஞ்சலா இட்லிக்கு நீட்டியதும் அலர்மேல்மங்கை கேட்டார்:

"உன் வேலை முடிஞ்சுதா, இல்ல பாக்கி இருக்கா?"

"இங்கேதான்க்கா பாக்கி."

"அப்ப உக்காரு. விளக்கு எங்க வக்கணும்னு சொல்றேன்."