கீரிக்கு வீசிய வலை

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு அப்பா கதிரவெளியில் தங்க மறுத்துவிட்டார். கரடியனாற்றில் மாமிக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, சும்மா கிடந்த வளவு ஒன்று இருந்தது. அதில் கொட்டில் போட்டு, கோழி வளர்த்து, தோட்டம் செய்து, உப்பையும் மண்ணெண்ணெயையும் தவிர இனி எதையும் வெளியில் வாங்குவதில்லை என்று அறிவித்தார். அரிசி மாமி தருவா. மீன் அறவே கூடாது.

அப்பாவுக்கு மீன்பிடியைத் தவிர வேறு தொழில் தெரியாது. மிளகாய்க் கன்றுகளைக் கோழி கிளறாமலிருக்கத் தன் வீச்சுவலையை அவற்றின் மேல் விரித்து வைத்தார். அதில் நாள்தோறும் கோழிகள் மாட்டிக்கொள்ளும். மீனைக் கழற்றுவது போலவே பக்குவமாகக் கழற்றிக் கூடைக்குள் எறிவார். அவை உடனே எழும்பி மறுபடியும் கன்றுகளிடமே போகும். எந்த மீனும் அப்படிச் செய்ததில்லையாதலால் அப்பா ஒவ்வொரு முறையும் திகைத்துப்போய் நிற்பார்.

அம்மா மீனில்லாமல் சோறு இறங்காத குடும்பத்தில் பிறந்தவ. கத்தரிக்காயும் முட்டையும், முட்டையும் வெண்டிக்காயுமாகச் சில கிழமைகள் பொறுத்துப் பார்த்தா. பிறகு சைக்கிளில் வரும் மீன்காரரிடம் முட்டையைக் கொடுத்து மீன் வாங்கத் தொடங்கினா. அப்பா மாமியின் வயலுக்குப் போன நேரம் பார்த்து அம்மாவும் நானும் சாப்பிட்டுவிட்டு, எலுமிச்சை இலையால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோம்.

முட்டை குறைந்ததும் அப்பா கோழிகளைச் சந்தேகித்தார். கூட்டின் முன்னால் குந்தியிருந்து ஒவ்வொன்றின் முகத்தையும் உற்றுப் பார்த்தார். அம்மாதான் அவசரமாகச் சொன்னா: "கீரி வருது போல."

அந்த வாய்தான் அம்மாவுக்கு வினையாயிற்று.

மறுநாள் மத்தியானம் அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் மிளகாய்ப் பாத்தியிலிருந்து வலையை எடுத்துக்கொண்டு வாழைகளுக்குப் பின்னால் பதுங்கினார். காவலுக்கு என்னையும் கூட்டிப்போனார். முட்டை போகும் வழி தெரிந்தவள் நான். சொன்னால் அம்மா அடிப்பா, சொல்லாவிட்டால் அப்பா கீரிக்காக அங்கேயே குடியிருப்பார். என்ன செய்வதென்று நான் யோசித்து முடிப்பதற்குள் கூட்டருகே பாகற்கொடி அசைந்தது. கொடிக்குள் பழுப்பாக ஏதோ தெரிந்தது. அம்மாவின் சட்டை!

"அப்பா, அது..."

தண்ணீர் சுழித்தாலே வலை எறிந்து பழகிய கை. கொடி அசைந்ததும் எறிந்துவிட்டது. வலை வட்டமாக விரிந்து, அம்மா, இரண்டு பேடுகள், ஒரு சேவல், மடி நிறைய முட்டை எல்லாவற்றையும் சேர்த்து மூடியது. வேலிக்கு வெளியே நின்ற மீன்காரர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணன், அது அக்கா! முட்டைக்கு மீன் தரத்தான் நான் வந்தன்!"

உதவி என்று நினைத்து முழுவதையும் கொட்டிவிட்டார். தலைமுடியில் மஞ்சட்கரு வழிய, தோளில் சேவல் படபடக்க, அம்மா வலைக்குள்ளிருந்தே சண்டையைத் தொடங்கினா.

"ஓம், நான்தான் எடுத்தன்! நாளாந்தம் கத்தரிக்காயும் முட்டையும் தின்ன நான் என்ன விரதமா இருக்கன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. மீன்காரரைப் பார்த்து மெல்லக் கேட்டார்.

"தம்பி, கடல் மீனா?"

"இல்ல அண்ணன், வாவி மணலை."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"வாவி மீன்தான். ஒருநாளும் கடல் மீன் வாங்கல்ல. சத்தியமா வாங்கல்ல."

அப்பா வலையை விலக்கி அம்மாவை எழுப்பிவிட்டார். பிறகு வேலியடிக்குப் போய் மணலையை வாங்கி வந்து, தானே செதில் உரித்து வெட்டித் தந்தார். அன்று மூன்று பேரும் ஒன்றாக இருந்து மீன் சாப்பிட்டோம். அப்பா இரண்டாம் தரமும் சோறு கேட்டார்.

கடல் மீன் உப்புக் கரிக்கும், அதனால் எங்கள் அப்பாவுக்குப் பிடிக்காது என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடல் ஊருக்குள் வந்த அன்று காலை தோணியில் போன சித்தப்பாவின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். களவாக வாங்கும்போதுகூட அம்மா ஏன் வாவி மீனாகவே பார்த்து வாங்கினா என்பதுதான் தெரியவில்லை.