நான்காம் தகட்டின் சூடு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். எனக்கு நடந்தது பகல் பன்னிரண்டு மணிக்கு. தார் ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தபோது.

தேதி, மணி, சூடு எல்லாம் என் நோட்டில் இருக்கின்றன. கற்பனை செய்து எழுதும் திறமை எனக்கில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொய் எழுதியிருக்கிறேன். அது எந்த இடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அருள்சாமி. பகலில் தஞ்சாவூரில் அப்துல் ஹமீது பாயின் விளம்பரப் போர்டு கம்பெனியில் வேலை. மாலை ஆறரைக்குக் கட்டடப் படம் வரையப் பழகும் வகுப்பு. போன வருஷம், 1978இல், பெட்ரோல் கம்பெனிகள் பெயரும் நிறமும் மாற்றிக்கொண்டிருந்ததால் எங்களுக்கு வேலை குவிந்தது. அதில் ஒன்று திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு பங்க். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பங்கின் பின்பகுதி பழைய நெல் கிடங்கு. அதன் மேற்குச் சுவர் ரோட்டைப் பார்த்து நிற்கும். இருபத்துநாலு அடி அகலம், பன்னிரண்டு அடி உயரம். அதில் எந்தப் பெயிண்டும் ஒரு மழைக்கு மேல் நிற்பதில்லை. முந்தின வருஷப் புயல் போர்டையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதனால் சுவர் முழுவதும் தகடு போர்த்தி, அதன்மேல் கம்பெனி நிறம் வரவேண்டும் என்று உத்தரவு. எந்தத் தகடு உப்புக்காற்றுக்கும் வெயிலுக்கும் இருபது வருஷம் தாங்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான்.

எனக்கு உள்ளூரப் பயம்தான். அதற்கு முன்பு ஒரு பங்குக்கு நான் "துத்தநாகம் பூசின கால்வனைஸ் தகடு போதும்" என்று சொல்லி, ஒரே வருஷத்தில் துரு வழிந்துவிட்டது. ஹமீது பாய் திட்டவில்லை. ஆனால் இந்தத் தடவை அனுப்பும்போது சொன்னார்.

"அருளு, நீ சொல்றதைத்தான் போடப் போறேன். இதுவும் தப்புனா வேற எடம் பாத்துக்க. எனக்கும் வருத்தமா இருக்கும், ஆனா வேற வழி இல்ல."

வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். இரண்டடிச் சதுரத்தில் நான்கு மாதிரிகள். ஒன்று, பெயிண்ட் அடித்த கால்வனைஸ். இரண்டு, அலுமினியம். மூன்று, ஆஸ்பெஸ்டாஸ். நான்கு, எனாமல் பூசிச் சுட்ட இரும்புத் தகடு. சுவரில் மரக்கட்டை பதித்து, ஒவ்வொரு தகட்டுக்கும் மூலைக்கு ஒன்றாக நாலு பித்தளைத் திருகாணி. எனாமலை மட்டும் அளவாகத்தான் முடுக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் பீங்கான் மாதிரி தெறித்துவிடும். நான்காம் தகட்டை வைத்த இடம்: தெற்கு மூலையிலிருந்து பத்தடி, தரையிலிருந்து நாலடி. அக்டோபர் 9.

பங்க் முதலாளி இராஜாங்கம் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மிராசு, சுற்றியுள்ள வயலும் அந்தக் கிடங்கும் அவருடையவைதான்.

"எந்தத் தகடா இருந்தாலும் சரி தம்பி. இந்தச் சுவர் கண்ணுல படக்கூடாது. அவ்வளவுதான்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரம். அதுதான் பஸ் ஸ்டாப். அங்கே காளியம்மாள் என்ற பெண் வேர்க்கடலை விற்பார். நாற்பது வயது இருக்கலாம். பஸ் ஸ்டாப்பில் கடலை விற்கிறவர்கள் பஸ் வரும் திசையைப் பார்த்து உட்காருவார்கள். இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பஸ் வந்தாலும் திரும்புவதில்லை.

சாயங்காலம் கடலை வாங்கும்போது மெதுவாகச் சொன்னார். "நாலாவதா வச்சீங்களே, அந்த எடத்துல மட்டும் ஒண்ணும் வேணாம் தம்பி."

"ஏங்க்கா?"

பங்கை ஒரு தடவை பார்த்தார். பொட்டலத்தில் இன்னொரு கை கடலை போட்டார்.

வாரம் இரண்டு நாள் வேளாங்கண்ணி பஸ்ஸில் போய்க் குறிப்பெடுத்தேன். பத்து மணி, பன்னிரண்டு மணி, மூன்று மணி. தகட்டின்மேல் தெர்மாமீட்டரைப் பஞ்சு வைத்து ஒட்டிச் சூடு பார்ப்பேன். ஹமீது பாய் ஒரு நாள் வந்தவர் சிரித்தார். "தகட்டுக்குக் காய்ச்சல் பாக்குறியா? அப்படியே நாக்கையும் நீட்டச் சொல்லு."

இரண்டாம் வாரத்தில் நான்காம் தகட்டின் திருகாணிகள் தளர்ந்திருந்தன. நாலுமே. நான் ஒழுங்காக முடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் எப்போதும் அப்படித்தான் நினைப்பேன். திரும்ப முடுக்கி, ஒவ்வொரு திருகாணித் தலையிலிருந்தும் தகடுவரை மெல்லிய சிவப்புக் கோடு இழுத்தேன். தலை திரும்பினால் கோடு விலகும்.

அக்டோபர் 26, காலை 10.05. நாலு கோடும் விலகியிருந்தன. நாலும் ஒரே அளவு. அரைச் சுற்று.

மற்ற மூன்று தகடுகளில் ஒரு கோடு கூட அசையவில்லை.

நவம்பர் 6. விடிந்ததிலிருந்து தூறல். வெயிலே இல்லை. பன்னிரண்டு மணி பஸ் பத்து நிமிஷம் தாமதமாகப் போனது. அதற்காகக் காத்திருந்துவிட்டுத்தான் சூடு பார்த்தேன். காற்று 27 டிகிரி. முதல் தகடு 27. இரண்டாவது 27. மூன்றாவது 28.

நான்காவது 61.

தெர்மாமீட்டரை உதறினேன். மறுபடி வைத்தேன். 61... 63...

விரலால் தொட்டேன். சுட்டது. மேலே விழுந்த தூறல் ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது.

நோட்டில் "28" என்று எழுதினேன்.

அதுதான் அந்தப் பொய். 61 என்று எழுதினால் பையனுக்குத் தெர்மாமீட்டர் கூடப் பார்க்கத் தெரியவில்லை என்பார்கள். நான் பயந்தது அதற்குத்தான். தகட்டுக்கு இல்லை. அப்போது இல்லை.

எழுதி முடிக்கும்போது சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்.

தகட்டுக்குப் பின்னாலிருந்து. சூட்டில் உலோகம் விரியும்போது சத்தம் வரும், வகுப்பில் படித்திருக்கிறேன். ஆனால் விரியும் உலோகம் மூன்று தடவை தட்டிவிட்டு நிறுத்தாது.

விரல் முட்டியால் ஒரு தடவை தட்டிப் பார்த்தேன்.

சத்தம் நின்றது.

பிறகு...

டக்டக்டக்டக்டக்டக்...

நான் ரோடுவரை ஓடிவிட்டேன். புளியமரத்தடியில் காளியம்மாள் எழுந்து நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறாரா, ஏதாவது சொல்கிறாரா, தெரியவில்லை.

சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. மூன்று மணி பஸ் வந்து நின்றது. அதோடு சத்தமும் நின்றுபோனது. என் கைக்கடிகாரத்தில் 3.02.

வேலையை நினைத்துத்தான் திரும்பப் போனேன். ஸ்குரு டிரைவரை எடுத்து நான்காம் தகட்டைக் கழற்றினேன். தகடு குளிர்ந்திருந்தது. கருகின உமி வாசனை வந்தது. சுவர் வெறும் சுண்ணாம்புப் பூச்சு. ஒரு கீறல் இல்லை.

தகட்டைத் திருப்பினேன்.

பின்பக்கம் ஒரு கை. கரியில் பதிந்த உள்ளங்கை. ஐந்து விரல்.

சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி முக்கால் அங்குலம்.

விரல்கள் மேல்நோக்கி இருந்தன. உள்ளேயிருந்து வெளியே தள்ளுகிற கை.

துணியை எடுத்துத் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. துடைத்தால் போய்விட்டது. எனாமலில் எந்தக் கறையும் நிற்காது. அதுதான் அதன் சிறப்பு.

அன்று ஐந்தே காலுக்குப் பஸ் ஏறும்போது காளியம்மாள் என் சட்டையைப் பிடித்தார். "அந்த ஒரு எடத்த மட்டும் விட்டுருங்க தம்பி. ரெண்டடிதானே."

"கம்பெனி ஒத்துக்காதுங்க்கா. நடுவுல ஓட்டை விட்டா எனக்கு வேலை போயிடும்."

சட்டையை விட்டுவிட்டார்.

நவம்பர் 30 அன்று அறிக்கை கொடுத்தேன். எனாமல் தகடுதான் சிறந்தது. அது உண்மை. மற்ற மூன்றிலும் உப்பு ஏறியிருந்தது, நிறம் மங்கியிருந்தது. நான்காவதில் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டேன். ஹமீது பாய் தோளில் தட்டினார். "இப்பத்தான்டா வேலைக்காரன்."

எழுபத்திரண்டு தகடுகள். டிசம்பர் 18, 19 இரண்டு நாள் வேலை. தெற்கு மூலையிலிருந்து பத்தடி, தரையிலிருந்து நாலடி வரும் இடத்தில் முப்பதாம் தகடு. அதை ஆட்களிடம் விடவில்லை. தளராமல் இருக்கவேண்டும் என்று நானே முடுக்கினேன். நேரம் 12.40.

நாலாவது திருகாணி கடைசிச் சுற்றில் இருக்கும்போது, தகட்டின் அந்தப் பக்கம், என் கைக்கு நேராக...

டக்.

ஒரே ஒரு தடவை. ரொம்ப மெதுவாக.

முடுக்கிவிட்டு ஏணியை விட்டு இறங்கிவிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஜனவரி மாதம், கம்பெனிக்குக் கட்டடப் படம் வரைந்து கொடுக்க வேண்டியிருந்தது. பங்கிலிருந்து கிடங்கின் பழைய வரைபடத்தை அனுப்பினார்கள். வகுப்பு மேஜையில் அதை விரித்து அளவெடுத்தேன். மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல் காட்டியிருந்தது. தெற்கு மூலையிலிருந்து பத்தடி. தரையிலிருந்து நாலடி. இரண்டடிக்கு இரண்டடி.

சுவரில் நான் ஜன்னலைப் பார்த்ததே இல்லை. யாரோ செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். காளியம்மாள் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். எதிரே சுவர் பளபளவென்று இருந்தது. ஜன்னலைப் பற்றிக் கேட்டேன். இந்தத் தடவை அவர் பங்கைப் பார்க்கவில்லை. கடலையைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு வீரையன். ஒம்பது வருசம் ஆச்சு. குறுவை அறுப்புல கூலியில அரைப்படி நெல்லு கூடக் கேட்டாங்க எல்லாரும். இவருதான் முன்னால நின்னாரு. மிராசு ஆளுங்க புடிச்சுக் கெடங்குல போட்டுப் பூட்டிட்டாங்க. உள்ள உமி மூட்டை. எப்படிப் பத்துச்சுன்னு யாருக்கும் தெரியாதாம். கேசுல அப்படித்தான் எழுதுனாங்க."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். இந்த மரத்தடியில நாலு பேரு என்னைப் புடிச்சு உக்கார வச்சிருந்தாங்க. பன்னெண்டு மணி பஸ் போச்சு. தட்ட ஆரம்பிச்சாரு. உமி சட்டுனு எரியாது தம்பி, புகைஞ்சுகிட்டே இருக்கும். மூணு மணி பஸ் வந்தப்பத்தான் சத்தம் நின்னுச்சு."

12.10... 3.02... அந்த நேரங்களை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவை என் நோட்டில் மட்டும்தான் இருக்கின்றன.

"ஜன்னல் இருந்துச்சே அக்கா. அது வழியா..."

"ஜன்னல் கதவைத் தள்ளித் தொறந்துட்டாரு. கை வெளிய வந்துச்சு. நான் பாத்தேன்."

கடலை கிளறுவதை நிறுத்தினார்.

"கதவை அமுக்கிச் சாத்தி, நாலு மூலையிலயும் ஆணி அடிச்சாங்க. வெளியிலேருந்து."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

அவர் எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். எழுபத்திரண்டில் சரியாக அந்த ஒரு தகட்டை.

"அதை யாரு தம்பி முடுக்குனது?"

நோட்டு பையில் இருந்தது. டிசம்பர் 18ஆம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது:

தகடு 30. திருகாணி 4. முடுக்கியவர்: அருள்சாமி. இருபது வருஷம் தாங்கும்.